அளந்து கண்ட அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

திருகோணமலை என்றவுடன் கோணேசர் மலையும் இயற்கைத் துறைமுகமுமே நம் கண்முன் வந்து நிற்கும். ஆயினும் இம்மாவட்டம் கடலோடு முடிந்துவிடுவதன்று. வடமேற்கே பதவிசிறிபுர வரை அது விரிந்து கிடக்கின்றது. குளமும் வயலும் நிறைந்த அப்பகுதியிலும், அதனையடுத்த அநுராதபுர மாவட்டத்து ஊர்கள் பலவற்றிலும், 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம் ஒரு நோய் உழவர் குடும்பங்களை வாட்டி வருகின்றது. நீரிழிவு இல்லை, உயர் குருதியழுத்தம் இல்லை, எனினும் உழைத்துண்டு வாழும் நடுவயதினரின் சிறுநீரகங்கள் ஓசையின்றிச் சுருங்கிச் செயலிழக்கின்றன. நிலத்தடி நீரின் வன்மையும் அதிலுள்ள புளோரைட்டும் காரணமென்பர் சிலர். பயிருக்கு இடும் நச்சுப் பொருள்கள் என்பர் சிலர். கடும் வெயிலில் நீரருந்தாது நெடும்பொழுது உழைப்பதே என்பர் வேறு சிலர். அறிஞருலகம் இன்னும் ஒருமுகமான முடிவுக்கு வந்திலது.

அத்தகைய நோயாளர் வைத்தியசாலையை அடையும்போது அவர்தம் குருதி சோதிக்கப்படும். யூரியா, கிரியேற்றினின் என்பவற்றோடு பொசுபரசின் அளவும் பார்க்கப்படும். சிறுநீரகம் நலிந்தால், சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொசுபரசு குருதியிலே தேங்கும். தேங்கிய பொசுபரசு எலும்பை நலியச் செய்யும். தோலிலே தினவை உண்டாக்கும். குருதிக் குழாய்களிற் சுண்ணம் படியச் செய்து அவற்றை இறுகப் பண்ணும். ஆகவே அதன் அளவை அறிவது சிகிச்சையின் இன்றியமையாப் பகுதியாகும். சிறிதளவு குருதியிலுள்ள பொசுபரசை எளிதாகவும் செம்மையாகவும் அளக்கும் வழியை 1925ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர் இருவர். அவருள் ஒருவரே இக்கட்டுரைக்கு உரியவராகிய எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்னார் பிறப்பால் ஆந்திரர், கல்வியால் சென்னையர், ஆய்வால் உலகத்தவர். நம் கல்லூரிப் பொன்னேட்டில் அவர்தம் வரலாறு இடம்பெறுவதற்குப் பிறிதொரு பொருத்தமும் உண்டு. அவர் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையின் பழைய மாணவர். பெயர் வகையால் நமக்கு உறவினர் என்றே சொல்லலாம்.

இளமையும் இடரும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு தை மாதம் 12ஆம் நாள் பீமாவரம் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்திற் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்ப் பகுதியில் அலுவலராக இருந்து, உடல்நலக் குறைவால் காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்றவர். மக்கள் பலர், வருவாயோ சிறிது. தாயார் வெங்கம்மா தம் நகைகளை விற்று மக்களைப் படிக்க வைத்தார்.

இத்துணை ஏக்கத்தோடு படிக்க அனுப்பப்பட்ட சிறுவனுக்குப் படிப்பில் மனம் பதியவில்லை. பதின்மூன்று வயதளவில், உறவினனான மற்றொரு சிறுவனோடு சேர்ந்து வீட்டை விட்டு வெளியேறினான். காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பாதிவழியிலேயே பிடிபட்டு, தாயின் முன் நிறுத்தப்பட்டான். தாயார் அவனை மீண்டும் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார். மெற்றிக்குலேசன் தேர்வில் இருமுறை தோல்வி. மூன்றாம் முறை, சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்து படித்த பின்னரே வெற்றி கிட்டியது. தேர்வுப் பெறுபேறு வெளியாகும் நாளில் முகம் வாடி நிற்கும் மாணவர் எவரேனும் இம்மலரைப் படிப்பராயின், இவ்வொரு செய்தியையேனும் மனத்தில் இருத்துவாராக. இருமுறை தவறியவரே பின்னாளில் மனிதவுடலின் ஆற்றற் பொருளைக் கண்டோருள் ஒருவரானார்.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. துறவு பூண்டு தொண்டு செய்ய விரும்பினார். தாயார் இசையவில்லை. மருத்துவம் பயின்று அதன் வழியாகவே தொண்டாற்றலாம் என மடத்துப் பெரியோர் நெறிகாட்டினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். இவ்விடத்தில் நம்மூரவர்க்கு ஓர் இயைபு தோன்றாமற் போகாது. மட்டக்களப்பு நாட்டினரான மயில்வாகனனார் மயிலாப்பூர் மடத்திற் சேர்ந்தது 1922ஆம் ஆண்டில். அவரே பின்னர் விபுலாநந்த அடிகளாகித் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர். அவர் மடம் புகுந்த அதே ஆண்டிலேதான் சுப்பாராவ் சென்னையை விட்டுக் கப்பலேறினார். ஒரே மரபின் ஊக்கம் ஒருவரைத் தமிழுக்கும் ஒருவரை மருந்தாய்வுக்கும் ஆளாக்கிற்று.

மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்ற காலம் காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்த காலம். அயல்நாட்டுத் துணியை விலக்கிய சுப்பாராவ், அறுவைக் கூடத்திலும் கதராடையே அணிந்து வந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர்க்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வைச் செவ்வனே எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் சுப்பாராவுக்குக் கிட்டவில்லை. தரத்திற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அதனால் அரசாங்க மருத்துவப் பணி கைகூடவில்லை. சென்னை ஆயுள்வேதக் கல்லூரியில் உடலமைப்பியல் ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையே குடும்பத்தைப் பேரிடி தாக்கிற்று. ஸ்புரூ என்னும் வெப்பநாட்டுக் குடல்நோயால் அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது போக, நா புண்பட்டு, குருதி வெளிறி, உடல் உருகி அழியும் கொடிய நோய் அது. பின்னர் சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுள்வேத அறிஞர் ஆசந்த லட்சுமிபதி அளித்த சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். காரணம் தெரியாத நோய் ஒரு வீட்டை எவ்வாறு வெறுமையாக்கும் என்பதை ஏட்டிலன்றித் தம் வீட்டிலேயே கற்றார். நோயின் மூலத்தைக் காண வேண்டும் என்னும் வேட்கை அவரை அமெரிக்காவுக்கு உந்திற்று.

கடல் கடந்த வாழ்வு

மாமனார் தந்த பொருளும், காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் கொண்டு பயணம் கைகூடிற்று. 1922ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 26ஆம் நாள் பொஸ்ரன் நகரை அடைந்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது; உதவிப்பணம் கிடைக்கவில்லை. எனவே பகலிற் படித்து, இரவிலே பிரிகாம் வைத்தியசாலையிற் கடைநிலை ஊழியராக உழைத்தார். நோயாளரின் மலசலக் கலங்களை எடுத்துக் கழுவி வைப்பது அவர்க்கு இட்ட பணி. மருத்துவச் சான்றிதழ் பெற்ற ஒருவர் இப்பணியை இழிவென்று கருதாது ஏற்றார். அந்தப் பிரிகாம் வைத்தியசாலையிலேதான் 1954ஆம் ஆண்டு மார்கழி 23ஆம் நாள், ஒருவர் சிறுநீரகத்தை இன்னொருவர்க்குப் பொருத்தும் அறுவை முதன்முதலாக நிலைத்த வெற்றி கண்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

வெப்பநாட்டு மருத்துவப் படிப்பு முடிந்தபின், உயிர்இரசாயனப் பகுதியில் சைரஸ் பிஸ்க் என்பாரின் கீழ் ஆய்வு மாணவரானார். பிஸ்க் அவரிடம் ஒப்படைத்தது, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளப்பதற்கு நல்லதொரு முறை காணும் வேலை. பார்ப்பதற்குச் சிறிய வேலை. ஆயினும் அக்காலத்திலிருந்த முறைகள் நெடுநேரம் பிடிப்பவை, பிழை மலிந்தவை.

சுப்பாராவும் பிஸ்க்கும் கண்ட முறையை நம் விஞ்ஞான வகுப்பு மாணவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். குருதியிலிருந்து புரதத்தை நீக்கி, எஞ்சிய தெளிநீரோடு அமிலமும் மொலிப்டேற்று உப்பும் சேர்ப்பர். அங்குள்ள பொசுபேற்று மொலிப்டேற்றோடு கூடும். பின் தகுந்த தாழ்த்தும் பொருளொன்றைச் சிறிதளவு இட்டால், அக்கூட்டுப்பொருள் நீலநிறம் பெறும். பொசுபரசு மிகுதியாயின் நீலம் ஆழமாகும், குறைவாயின் வெளிறும். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு இதனை ஒப்புநோக்கினால் விடை கிடைத்துவிடும். 1925ஆம் ஆண்டில் வெளியான இம்முறை பிஸ்க்-சுப்பாராவ் முறை எனப் பெயர் பெற்று, உலகின் ஆய்வுகூடங்களிலெல்லாம் புகுந்தது. இன்று பொறிகள் பல வந்துவிட்டன, வேதிப்பொருள்களும் மாறியுள்ளன. எனினும் பொசுபேற்றை மொலிப்டேற்றோடு கூட்டி அளக்கும் அடிப்படை இன்றும் வழக்கொழியவில்லை.

ஆற்றலின் மூலம்

நல்ல அளவுகோல் கைக்கு வந்தால், முன்பு மறைந்திருந்தவை தாமே வெளிப்படும். தசையிலுள்ள பொசுபரசை இம்முறையால் அளந்தபோது நீலநிறம் உடனே முழுமை பெறாது, மெல்ல மெல்ல ஏறுவதைக் கண்டனர். மற்றொருவராயின் கருவியின் குறையென்று தள்ளியிருப்பர். இவர்களோ, எளிதிற் சிதையும் ஏதோவொரு பொசுபரசுச் சேர்வை தசையில் இருத்தல் வேண்டும், அது சிதையச் சிதையவே நிறம் ஏறுகின்றது என உய்த்துணர்ந்தனர். அவ்வாறு 1927ஆம் ஆண்டில் வெளிப்பட்டதே கிரியேற்றின் பொசுபேற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்ரன் இணையரும் தம் வழியில் இப்பொருளைக் கண்டனர். தசையின் இயக்கத்துக்கு இலற்றிக்கமிலமே காரணம் என்று 1922ஆம் ஆண்டின் நோபெல் பரிசுக்குரிய அறிஞர்கள் நிலைநாட்டியிருந்த கொள்கை, இக்கண்டுபிடிப்பால் ஆட்டங்கண்டது.

தொடர்ந்து 1929ஆம் ஆண்டில், அடினோசின் முப்பொசுபேற்று என்னும் பொருளைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஏ.ரி.பி. என்று இன்று பாடநூல்கள் சுருக்கிக் கூறுவது இதனையே. அதே ஆண்டிலே ஜேர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் இதனைத் தனியே கண்டு, சிறிது முந்தி வெளியிட்டார். ஆகவே புகழ் இருவர் பக்கமும் உரியது.

ஏ.ரி.பி. என்பது உயிர்க்கலத்தின் நாணயம் எனலாம். நாம் உண்ணும் உணவு, ஒட்சிசனின் துணையோடு இழைமணி என்னும் நுண்ணுறுப்பில் எரிக்கப்பட்டு ஆற்றல் பிறக்கின்றது. அவ்வாற்றல் அவ்வடிவிலேயே செலவாவதன்று, ஏ.ரி.பி.யாக மாற்றப்பட்டே தேவைப்படும் இடங்களுக்குச் செல்கின்றது. இதயம் துடிப்பதும், நரம்பு செய்தி கொண்டு போவதும், கை எழுதுவதும் இந்நாணயத்தைச் செலவிட்டே.

இந்நாணயத்தைப் பெருவாரியாகச் செலவிடும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்று. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் நிறையில் நூற்றில் அரைப்பங்கும் தேறா. ஆனால் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அவற்றினூடே பாய்கின்றது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள. நாளொன்றுக்கு அவை வடிக்கும் நீர் சுமார் 180 இலீற்றர். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை இலீற்றர் அளவே. எஞ்சிய நீரும் உப்பும் சத்தும் நுண்குழாய்களால் மீட்கப்பட்டுக் குருதிக்குத் திரும்புகின்றன. மீட்கும் இவ்வேலைக்குச் சோடியத்தை இறைக்கும் நுண்பொறிகள் வேண்டும். அத்தகைய பொறியை டென்மார்க்கு நாட்டறிஞர் ஜென்ஸ் ஸ்கௌ 1957ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அப்பொறிக்குக் கூலி ஏ.ரி.பி.யே. எனவே சிறுநீரகக் கலங்களில் இழைமணிகள் நெருங்கி நிறைந்துள்ளன.

இழைமணி எரியும் இடத்திற் புகையும் எழுமன்றோ? ஒட்சிசனில் ஒரு சிறுபங்கு முற்ற எரியாது, வினைவேகம் மிகுந்த கூறுகளாக வெளிப்பட்டுக் கலத்தின் மென்படலத்தையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்கும். உடலில் இயல்பாக அமைந்த காப்புப்பொருள்கள் அவற்றைத் தணித்து வைக்கும். தாக்கும் பக்கம் ஓங்கிக் காக்கும் பக்கம் தாழ்ந்தால், அந்நிலையை ஒட்சியேற்ற நெருக்கடி என்பர். சிறுநீரக நோயாளரிடத்தில் இந்நெருக்கடி மிகுவதை இக்கால ஆய்வுகள் பலவாறு காட்டியுள்ளன. பதவிசிறிபுர போன்ற ஊர்களின் நோய்க்கு வெப்பமோ நஞ்சோ நீரோ எது தொடக்கமாயினும், அது கலத்தைச் சிதைக்கும் வழிகளுள் ஒன்று இதுவாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இவ்வாய்வுகளுக்கெல்லாம் அடித்தளம், உயிர்க்கலம் ஆற்றலை எவ்வாறு ஈட்டிச் செலவிடுகின்றது என்னும் அறிவு. அவ்வறிவின் அடிக்கற்களை இட்டவர் வரிசையில் சுப்பாராவும் நிற்கின்றார்.

ஏற்பும் மறுப்பும்

1930ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது. ஆனால் நிலையான பேராசிரியப் பதவி அளிக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் அக்காலத்தில் வெளியுலகுக்கு வராமலே போயின. அதற்கு பிஸ்க்கின் அழுக்காறு காரணம் என்றும், அப்பொருள்களைப் பின்வந்தோர் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அவரோடு பணியாற்றியவரும் 1988ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவருமான ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளிற் கருத்துரைத்துள்ளார். சுப்பாராவோ இவை குறித்து வழக்காடியவரல்லர். 1940ஆம் ஆண்டில் ஹாவாட்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்துப் பேர்ள் றிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுகூடத்துக்குச் சென்றார். விரைவிலே அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார்.

அங்கே கழித்த எட்டாண்டுகளும் விளைச்சல் மிகுந்தவை. முதலாவது போலிக்கமிலம். மும்பாய் ஆலைத் தொழிலாளரான கருப்பிணிப் பெண்களின் குருதிச்சோகையை ஈஸ்ற்றுச் சாறு போக்குவதை 1931ஆம் ஆண்டிலே லூசி வில்ஸ் அம்மையார் கண்டறிந்திருந்தார். அச்சாற்றில் மறைந்திருந்த விற்றமின் போலிக்கமிலமே. சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு 1945ஆம் ஆண்டில் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டிற்று. அதன்பின் அது மலிவாக எங்கும் கிடைக்கலாயிற்று.

இரண்டாவது, போலிக்கமிலத்தை ஒத்த உருவமும் எதிரான செயலும் உடைய அமினொப்ரெறின் என்னும் மருந்து. குருதிப்புற்று நோயால் மடிந்துகொண்டிருந்த பொஸ்ரன் நகரக் குழந்தைகளுக்கு சிட்னி பாபர் என்னும் வைத்தியர் இதனைக் கொடுத்தபோது, சிலரிடத்தே நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அச்செய்தியே புற்றுநோய்க்கு மருந்தால் சிகிச்சை செய்யும் முயற்சியின் பெருந்தொடக்கங்களுள் ஒன்றாயிற்று. அதன் உடன்பிறப்பான மெதொற்றெக்சேற்று இன்றும் வழக்கிலுள்ளது. மூன்றாவது, யானைக்கால் நோய்க்குரிய ஹெற்றசான். இதன் பொதுப்பெயராகிய டை-எதில்-கார்பமசின் நம் நாட்டில் அந்நோயை ஒழிக்கும் இயக்கத்திற் பயன்பட்டது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து அந்நோய் இலங்கையில் நீங்கியதென உறுதி செய்தது. நான்காவது, பெஞ்சமின் டகர் என்னும் முதிய தாவரவியலாளரை ஊக்கி அவர் வழியாகப் பெற்ற ஓரியோமைசின். ரெற்றாசைக்கிளின் வகை மருந்துகளுள் முதலாவது அதுவே.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சுப்பாராவின் சகோதரர் இருவரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு இன்று வைத்தியர் கொடுக்கும் மருந்துகள் இரண்டு: ஒன்று போலிக்கமிலம், மற்றொன்று ரெற்றாசைக்கிளின். இரண்டும் அவர் நடத்திய ஆய்வுகூடத்தின் வழிவந்தவை. கடல் கடந்த காரணம் நிறைவேறிற்று. ஆயின் சகோதரர்க்கு அது உதவவில்லை. பிறர் சகோதரர்க்கு உதவிற்று.

குருதிச் சுத்திகரிப்பும் சுப்பாராவும்

இனிச் சிறுநீரக நோயாளர்பால் மீண்டும் வருவோம். செயலிழந்த சிறுநீரகத்துக்கு மாற்றாகப் பொறியால் குருதியைத் தூய்மை செய்யும் கலை டயாலிசிஸ் எனப்படும். மென்படலம் ஒன்றினூடே சிறு மூலக்கூறுகள் ஊடுருவும், பெரியன தங்கும் என்னும் உண்மையை ஆராய்ந்து, 1861ஆம் ஆண்டில் அதற்கு இப்பெயரைச் சூட்டியவர் ஸ்கொத்லாந்து அறிஞர் தோமஸ் கிரகாம். 1913ஆம் ஆண்டில் ஜோன் ஏபல் விலங்குகளில் இதனைச் செய்து காட்டினார். 1924ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஜோர்ஜ் ஹாஸ் மனிதரிடத்தே முயன்றார். உலகப் போரின் நடுவே, நெதர்லாந்தின் கம்பன் நகரில் வில்லெம் கொல்ப் என்பார் செலோபேன் குழாயை மரச்சட்ட உருளையிற் சுற்றிப் பொறியமைத்து, 1943ஆம் ஆண்டு தொடக்கம் நோயாளர் பலருக்குச் சிகிச்சை செய்தார். அவருள் ஏறத்தாழ எல்லோரும் இறந்தனர். 1945ஆம் ஆண்டிலேதான் முதன்முறையாக ஒரு பெண்மணி பிழைத்தெழுந்தார். 1961ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை இந்தியாவில் முதன்முதலாகச் செய்யப்பட்டது.

இப்பொறி நச்சை மட்டுமே பிரித்தகற்ற வல்லதன்று. நீரிற் கரையும் நல்ல பொருள்களும் அதனோடு கழுவப்பட்டுப் போகும். அவற்றுள் போலிக்கமிலமும் ஒன்று. ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளர் பலருக்குப் போலிக்கமில மாத்திரை கொடுப்பது வழக்கம். அன்றியும், குருதி பொறியின் படலத்தைத் தீண்டும்போது வெண்கலங்கள் கிளர்ச்சியுற்று ஒட்சியேற்ற நெருக்கடியை மிகுவிக்கும்; காப்புப்பொருளாகிய விற்றமின் சீ-யும் கழுவப்படும். மறுபுறம், பொசுபரசைப் பொறி முழுதும் அகற்ற மாட்டாது. எனவே அதன் அளவை இடையிடையே சோதித்து உணவையும் மருந்தையும் ஒழுங்கு செய்தல் வேண்டும். மெதொற்றெக்சேற்றோ சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. ஆதலின் சிறுநீரகம் நலிந்தோர்க்கு அதனைக் கொடுக்க வைத்தியர் பெரிதும் அஞ்சுவர். சுப்பாராவ் சிறுநீரக வைத்தியர் அல்லர். டயாலிசிஸ் பொறி எதனையும் அமைத்தவருமல்லர். எனினும் அந்நோயாளரின் கட்டிலருகே எத்திசை நோக்கினும் அவர்தம் உழைப்பின் சுவடு தெரிகின்றது.

மறைவும் மறதியும்

1948ஆம் ஆண்டு ஆவணி மாதம் 8ஆம் நாள் இரவு, தனித்துறங்கிய அறையிலேயே மாரடைப்பால் சுப்பாராவ் உயிர்நீத்தார். வயது ஐம்பத்துமூன்று. கொல்ப் அமைத்த பொறியின் திருத்திய வடிவம், அவர் முன்பு இரவூழியராக இருந்த பிரிகாம் வைத்தியசாலையில் முதன்முதலாக இயங்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.

அவர் வாழ்வில் ஒரு பகுதியை மறைத்துப் புகழ் மட்டும் பாடுதல் நேர்மையாகாது. அவர் கப்பலேறியபோது மனைவியார் சேஷகிரி அம்மையார் கருவுற்றிருந்தார். பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிரம்புமுன் நோயால் இறந்தது. தந்தை அக்குழந்தையின் முகத்தைக் கண்டதில்லை. விரைவில் மீள்வேன் என்னும் எண்ணத்தோடு சென்றவர், இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. அம்மையார் காத்திருந்தே காலங்கழித்தார். உலகத்து வீடுகள் பலவற்றில் விளக்கேற்றிய அறிவு, தன் வீட்டை இருளில் வைத்தது. இவ்விழப்பையும் சேர்த்தே அவர்தம் சாதனையின் விலையை நாம் எண்ணுதல் வேண்டும். கடல் கடந்து மக்களை அனுப்பிக் கடிதத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் பல நம் துறைமுக நகரிலும் உள. அவர்க்கு இது நன்கு விளங்கும்.

நோபெல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1953ஆம் ஆண்டில் பூஞ்சண இனமொன்றுக்கு அவர் பெயரால் சுப்பாரொமைசெஸ் எனப் பெயரிட்டனர். 1995ஆம் ஆண்டு, பிறந்து நூறாண்டு நிறைந்த வேளையில், இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. இவையன்றி, அவர்தம் மருந்துகளை உண்டு பிழைத்தோருள் ஆயிரத்தில் ஒருவரேனும் அவர் பெயரை அறிவரோ என்பது ஐயமே.

மாணவர்க்கு ஒரு சொல்

மாணவச் செல்வங்காள்! பெருங்கண்டுபிடிப்புகள் வானத்திலிருந்து திடீரென விழுவன என்று கருதாதீர். சுப்பாராவின் ஆய்வெல்லாம் ஒரு நீலநிறத்தைப் பொறுமையாக அளந்ததிலிருந்து கிளைத்தன. நிறம் ஏறத் தாமதித்தபோது அத்தாமதத்தை அவர் வெறுக்கவில்லை. அதன் காரணத்தை வினவினார். சோதனைச் சாலையில் உங்கள் அளவு பாடநூலிற் சொன்னதோடு பொருந்தாது போனால், அயலவன் குறிப்பைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதிவிடாதீர். பொருந்தாத அவ்வெண்ணுக்குள்ளே ஓர் உண்மை ஒளிந்திருக்கக் கூடும்.

பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கும் ஒன்று கூறலாம். நம் மாவட்டத்தின் ஓர் எல்லையில், காரணம் தெளியாத நோயொன்று உழவரின் உயிரை இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றது. அதன் மூலத்தைக் காணப்போகும் அறிவாளி எங்கிருந்து வருவாரென யாரும் அறியார். இருமுறை தேர்வில் தவறி, மூன்றாம் முறையாக ஒரு வாங்கிலே தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் ஏழை மாணவனாகவும் அவர் இருக்கலாம். சுப்பாராவுக்கு நகையை விற்ற தாயும், கைகொடுத்த ஓர் அறநிலையமும், மூன்றாம் முறை இடமளித்த ஓர் இந்துப் பாடசாலையும் இருந்தன. நம்மூர் மாணவனுக்கும் அம்மூன்றும் கிட்டச் செய்தல் நம் கடன். அக்கடனை ஆற்றுவோமாயின், கல்லூரி ஈன்ற மக்கள் கல்லூரிக்குச் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.